வாளை வாங்க ஓர் ஆள்

லண்டன் டூட்டிங்கில் கஸ்பர் அண்ணையைத் தெரியாத தமிழர் கிடையாது. அவரோடு சண்டை பிடிக்காத தமிழரும் அதிகம் பேர் கிடையாது. நானே பல தடவை அவரோடு கதைப்பதை நிறுத்தியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் நான்தான் வெட்கத்தை விட்டுப் போய்க் கதைத்தேன், ஏனென்றால் அவர் செத்தாலும் வரமாட்டார்.

யாழ்ப்பாணம் குருநகரில் பிறந்தவர். அங்கே கூத்தாடியவர். கூத்து என்றால் பாட்டும் ஆட்டமுமாக விடிய விடிய நடக்கும் நாடகம். குருநகர்க் கத்தோலிக்கர் வேதசாட்சிகளின் கதையையும் பெயர் கேட்டறியாத நாட்டு ராசாக்களின் கதையையும் கூத்தாக ஆடுவார்கள். கஸ்பர் அண்ணை எப்போதும் ராசாதான். அந்த உயரத்துக்கும் அந்தக் குரலுக்கும் வேறு வேடம் கொடுக்க, கூத்துப் பழக்கும் எந்த அண்ணாவியாருக்கும் துணிவு வந்திருக்காது.

எண்பத்தைந்தில் லண்டன் வந்தார். மனைவி மரியநாயகியோடு நோர்பரியில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேல் இரண்டு அறை. வேலை ஒரு லோன்றியில். ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகள் மலை மலையாக வந்து குவியும், தோய்த்து மடித்து அனுப்ப வேண்டும். ராசா வேடம் போட்டவர் நீராவிக்குள் நின்று விரிப்பு மடிக்கிறாரே என்று யாராவது இரக்கப்பட்டால் அவ்வளவுதான். "ராசாவின்ர கட்டிலுக்கும் ஆரோ ஒருத்தன் விரிப்பு மடிச்சவன்தானே" என்று எரிந்து விழுவார்.

அவருக்கு ஒரே மகன், பீற்றர். ஊரிலேயே நின்று இயக்கத்துக்குப் போய்விட்டான். எந்த இயக்கம் என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் தெருவில் எத்தனை கடையோ அத்தனை இயக்கம் இருந்தது. எண்பத்தெட்டில் பீற்றரும் அவன் பொறுப்பில் இருந்த பெடியளும் ஒரு தோட்டக் காணிக்குள் இந்திய ஆமியால் சுற்றி வளைக்கப்பட்டார்கள். பெடியள் எல்லாம் மீசை அரும்பாத வயது. துப்பாக்கி ரவை முடிந்துவிட்டது. பீற்றர் தன் சாரத்தைக் கிழித்துத் தடியில் கட்டி, கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். பெடியளும் பின்னால் வந்தார்கள். ஒருவனும் சாகவில்லை. பிறகு சிறை, பிறகு தமிழ்நாட்டில் ஒரு முகாம். ஞாயிற்றுக்கிழமைகளில் கஸ்பர் அண்ணை முகாமுக்குப் பக்கத்துக் கடைக்குப் போன் எடுத்து அவனோடு கதைப்பார்.

இந்தச் செய்தி அவருக்குக் கிடைக்கும் முன்பே டூட்டிங்குக்குக் கிடைத்துவிட்டது. முகத்துக்கு நேரே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் சனம் அதைவிடக் கெட்டிக்காரச் சனம். நாங்கள் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் கேட்பது "பிள்ளையள் எப்பிடி?" என்றுதான். கஸ்பர் அண்ணையிடம் மட்டும் குளிரைப் பற்றிக் கேட்டார்கள். "இந்த முறை குளிர் கூட என்ன, அண்ணை?" வெயில் எரிக்கிற ஆடி மாதத்திலும் அவருக்கு மழை வருமா வராதா என்ற கதைதான். பீற்றர் என்று ஒரு பிள்ளை பிறக்கவே இல்லை என்பது போல. மரியநாயகி அக்கா டூட்டிங்கில் மீன் வாங்குவதை விட்டுவிட்டுக் குரொய்டனுக்குப் பஸ் எடுத்துப் போகத் தொடங்கினார். எனக்கு இதைச் சொல்லும்போது இப்போதும் கோபம் வருகிறது.

லோன்றியில் கஸ்பர் அண்ணையின் சோடி ஒரு பராகுவேக்காரன். பெரிய விரிப்பைத் தனியாக மடிக்க ஏலாது. இரண்டு பேர் முனைகளைப் பிடித்து இழுத்து, கிட்ட வந்து சேர்த்து, மறுபடி விலக வேண்டும். நாள் முழுக்க ஒருவரை ஒருவர் பார்த்தபடி நிற்கிற வேலை. கதைக்காமல் இருந்தால் விசர் பிடித்துவிடும். இரண்டு பேருக்கும் இருந்த ஆங்கிலம் கைவிரலில் எண்ணக்கூடியது, ஆனாலும் கதைத்தார்கள். ஒருநாள் பராகுவேக்காரன் தங்கள் நாட்டுப் பெரிய யுத்தத்தைப் பற்றிச் சொன்னான். ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தைந்து. பராகுவே ஒரு பக்கம், பிரேசிலும் ஆர்ஜென்டீனாவும் உருகுவேயும் மறுபக்கம். பராகுவேப் படையின் ஒரு பிரிவு எல்லை தாண்டி, ஆற்றங்கரையில் உருகுவையானா என்ற பிரேசில் ஊரைப் பிடித்து உள்ளே இருந்துகொண்டது. வெளியே மூன்று நாட்டுப் படை. ஆற்றில் பீரங்கிப் படகு. பிரேசில் சக்கரவர்த்தியே நேரில் வந்து நின்றார். உள்ளே சாப்பாடு முடிந்தது. தளபதி வாளைக் கொடுத்துச் சரணடைந்தான்.

"துரோகி" என்று பராகுவேக்காரன் தரையில் துப்பினான். அவன் பாட்டனுக்குப் பாட்டன் அந்தப் படையில் இருந்தவனாம்.

"என்ன சாப்பிட்டவங்கள்?" என்று கஸ்பர் அண்ணை கேட்டார்.

"குதிரை."

"குதிரை முடிஞ்ச பிறகு?"

பராகுவேக்காரன் தோளைக் குலுக்கினான். கஸ்பர் அண்ணை விரிப்பின் முனையைக் கையிலிருந்து விட்டார். மடித்த விரிப்பு ஈரத் தரையில் விழுந்தது. அன்று மேற்பார்வையாளன் வந்து இருவருக்கும் ஏசினான். அடுத்த நாளிலிருந்து கஸ்பர் அண்ணை அந்தத் தளபதியைப் பற்றிக் கேட்டுக் கேட்டுப் பராகுவேக்காரனின் உயிரை வாங்கினார். அவன் திட்டித் திட்டிச் சொல்ல, இவர் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார்.

தொண்ணூற்று மூன்றில் எங்கள் நலன்புரிச் சங்கத்தின் கலைவிழாவுக்கு ஒரு கூத்துப் போடச் சொல்லித் தலைவர் யோகலிங்கம் கஸ்பர் அண்ணையைக் கேட்டார். முந்தின வருடம் கவியரங்கம் வைத்து மண்டபம் பாதியில் காலியாகியிருந்தது. கஸ்பர் அண்ணை உடனே ஒப்புக்கொண்டார். தென்னமெரிக்கக் கதை என்றதும் சங்கத்துக்கும் சந்தோஷம். ஊர் அரசியல் இல்லை, யாருக்கும் நோகாது என்று நினைத்தார்கள். தளபதியின் பெயர் தமிழ் வாய்க்குள் நுழைய மறுத்ததால் கூத்திலும் தளபதி என்றே வைத்தோம். தளபதி வேடம் கஸ்பர் அண்ணைக்கு. பிரேசில் சக்கரவர்த்தி வேடம் எனக்கு. சைவக்காரனான நான் கத்தோலிக்கக் கூத்தில் ஏறியது என் கட்டைக் குரலுக்காக அல்ல, வளர்ந்திருந்த தாடிக்காக. பசியில் வாடும் படைவீரர்களாகத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பெடியள்.

அவர்களுக்கு ஆங்கிலம்தான் வரும். முதல் ஒத்திகையிலேயே ஒருவன் கேட்டான். "அங்கிள், வென் டு வி டை?"

கஸ்பர் அண்ணை குனிந்து அவன் தோளில் கை வைத்தார். "நோ டை. யூ ஆல் கோ ஹோம்."

கடைசி ஒத்திகையை வெள்ளுடுப்பு என்போம். வேட உடுப்பு இல்லாமல் வெள்ளை வேட்டியோடு முழுக் கூத்தையும் ஆடிப் பார்ப்பது. அதற்குத்தான் யோகலிங்கம் முதல் முறையாக வந்தார். தளபதி வாளை இரண்டு கையிலும் ஏந்திச் சக்கரவர்த்தியிடம் கொடுக்கும் இடம் வந்ததும் எழும்பி நின்றுவிட்டார்.

யோகலிங்கம் கெட்ட மனிதர் அல்ல. இரண்டு பெற்றோல் ஸ்ரேசன் வைத்திருந்தார். விசா இல்லாமல் வந்த எத்தனையோ பேருக்குச் சோறு போட்டவர். ஆனால் மேடை, மைக், முன்வரிசை என்று வந்துவிட்டால் அவருக்குள் இன்னொருவர் புகுந்துவிடுவார்.

"அண்ணை, முடிவை மாத்துங்கோ. தளபதி வாளோடை விழட்டும். ஒரு நிமிச வேலை."

"சரித்திரத்திலை அவன் விழேல்லை."

"சரித்திரம் பராகுவேயிலை. இது டூட்டிங்."

"அப்ப நீங்கள் டூட்டிங்குக்கு வேறை ஒருத்தனைப் பிடியுங்கோ."

கூத்தின் வழக்கமும் யோகலிங்கத்தின் பக்கம்தான் இருந்தது. அதையும் சொல்ல வேண்டும். எங்கள் கூத்தில் நாயகன் வெல்வான், அல்லது வெட்டுப்பட்டு விழுவான். வேதசாட்சிகள் தலையைக் கொடுப்பார்கள், வாளைக் கொடுக்க மாட்டார்கள். கூத்தாடிய ஆயுளில் கஸ்பர் அண்ணை எத்தனையோ தடவை மேடையில் செத்திருக்கிறார், ஒரு தடவை கூடச் சரணடைந்ததில்லை.

யோகலிங்கம் விடவில்லை. நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் பார்த்துவிட்டு மறுநாள் திரும்பி வந்தார். "வாளைக் குடுத்த பிறகு அந்தச் சிப்பாய்களுக்கு என்ன நடந்தது தெரியுமோ? அதிகாரியள் விரும்பின இடத்துக்குப் போச்சினம். சிப்பாய்களிலை கனபேரை வேலைக்காரராக் கொண்டு போனவங்கள். கொஞ்சப் பேரைத் தங்கட சொந்தச் சனத்தோடையே சண்டை பிடிக்க விட்டவங்கள். உவனையோ மேடையிலை ஏத்தப் போறியள்?"

பராகுவேக்காரனும் அதைத்தான் சொல்லியிருந்தான். கஸ்பர் அண்ணை வாளின் கைப்பிடியைத் தடவிவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"ஓம். அதையும் பாடுறன். எழுதி முடிச்சிட்டன். அவன் நல்லவன் எண்டு நான் எங்கை சொன்னனான்? முதல்லை அவன் பெரிய வீரம் கதைச்சவன். உங்கட பீரங்கிப் புகை எங்களுக்கு நிழல் எண்டு பதில் அனுப்பினவன். உங்களுக்கு அவன் அந்த நேரம் நல்லவன். எனக்கு அவன் வாளைக் குடுத்த நேரம் நல்லவன்."

யோகலிங்கம் கடைசித் துருப்புச் சீட்டை எடுத்தார். "முன்வரிசையிலை அருள்மலர் அக்கா இருப்பா. அவவின்ர முகத்துக்கு முன்னாலை கையைத் தூக்கிறதைக் காட்டுவியளோ?"

அருள்மலர் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனோர் பார்க்கில் மகளோடு இருந்தார். அவருடைய ஒரே ஆண்பிள்ளை ஊரில் சண்டையில் செத்தவன். உடல் கிடைக்கவில்லை. சங்கத்தின் எந்த விழாவானாலும் முதல் விளக்கை அவர்தான் ஏற்றுவார். காரில் கூட்டிவருவார்கள், சால்வை போர்த்துவார்கள், மகனின் படத்துக்கு மாலை போடுவார்கள், பேச்சாளர் எல்லோரும் "வீரத் தாய்" என்று தொடங்குவார்கள். பிறகு காரில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அவர் மேடையில் ஒரு வசனம் பேசி யாரும் கேட்டதில்லை. யாரும் மைக்கைக் கொடுத்ததும் இல்லை.

"அவவைக் கேட்டனீங்களோ?" என்றார் கஸ்பர் அண்ணை.

"உதைப் போய்க் கேக்கிறதோ? எங்களுக்குத் தெரியாதோ?"

யோகலிங்கம் போன பிறகு நான் கஸ்பர் அண்ணையிடம் மெல்லச் சொன்னேன். "அண்ணை, சரணடைஞ்சவனைப் பற்றிக் கூத்துப் போட நிக்கிறியள். நீங்கள் ஒரு சொல்லிலை கூட இறங்கி வாறியள் இல்லை. முடிவை மாத்திப்போட்டு ஆடினால் என்ன?"

என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார். பிறகு குரல் இறங்கியது. "இது கூத்தில்லை, சபா. என்ர பிள்ளை பிழை செய்யேல்லை. பெடியளைக் காப்பாத்தினவன். ஒரு தரம் எண்டாலும் எங்கட சனத்துக்கு முன்னாலை நிண்டு நான் அதைச் சொல்ல வேணும். இல்லாட்டி ஞாயிற்றுக்கிழமை போனிலை அவனோடை என்ன முகத்தோடை கதைக்கிறது?" வாளைக் கீழே வைத்தபடி, "அருள்மலர் அக்காவை நானும் கேக்கேல்லை. என்னெண்டு கேக்கிறது?" என்றார். அந்த மனிதர் எதற்காவது பயந்ததை நான் கண்டது அன்றுதான்.

நோட்டீஸ் அடித்துக் கடைகளில் ஒட்டியாகிவிட்டது. சங்கம் கூத்தை நிறுத்த முடியாது. யோகலிங்கம் "சரி, உங்கட விருப்பம்" என்று சொல்லிவிட்டுப் போனபோதே எனக்குச் சந்தேகம். கஸ்பர் அண்ணை மட்டும் அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டார்.

விழா நாள் டூட்டிங் பள்ளிக்கூட மண்டபம் நிரம்பி வழிந்தது. வாசலில் வடையும் பற்றிசும் விற்றார்கள். அருள்மலர் அக்கா விளக்கேற்றி, சால்வை போர்த்தப்பட்டு, முன்வரிசை நடுவில் இருத்தப்பட்டார். அவருக்குப் பக்கத்தில் யோகலிங்கம். கூத்து தொடங்கியது. கஸ்பர் அண்ணையின் வரவுப் பாட்டு மத்தளத்தோடு எழும்பியபோது சனம் சாப்பிடுவதை நிறுத்தியது. வீரம் பேசிப் பதில் அனுப்பும் கட்டத்துக்கு விசில் பறந்தது. யோகலிங்கமே கை தட்டினார். பசிக் கட்டத்தில் படைவீரப் பெடியள் ஒவ்வொருவராக இருந்து, சரிந்து, படுத்தார்கள். தளபதி ஒவ்வொருவனின் தலையையும் தொட்டுப் பார்த்துப் பாடினார். சில பெண்கள் மூக்கைத் துடைத்தார்கள். நான் சக்கரவர்த்தியாக மேடையின் மறுகோடியில் நின்றேன், வாளை வாங்க.

கஸ்பர் அண்ணை வாளை இரண்டு கையிலும் ஏந்தி என்னை நோக்கி ஓரடி வைத்தார். திரை விழுந்தது.

மத்தளம் நின்றது. வெளியே மைக்கில் யோகலிங்கத்தின் குரல் கேட்டது. "பசியிலும் பணியாத தளபதி களத்தில் வீழ்ந்தான். கூத்து இத்துடன் இனிதே நிறைவுறுகிறது." கைதட்டல் மண்டபத்தைப் பிளந்தது.

திரைக்குள் கஸ்பர் அண்ணையின் முகத்தைப் பார்த்தேன். அடி வாங்கிய முகம். ஒரு கணம்தான். திரையின் நடுப் பிளவைக் கையால் கிழிப்பது போல விலக்கிக்கொண்டு வெளியே போனார். கைதட்டல் தடுமாறி நின்றது. செத்தவன் உயிரோடு வந்தால் சனம் என்ன செய்யும்? பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். கஸ்பர் அண்ணை மத்தளம் இல்லாமல், ஹார்மோனியம் இல்லாமல், வாள் கொடுக்கும் பாட்டை எடுத்தார். சிப்பாய்களுக்குப் பிறகு நடந்ததையும் விடாமல் பாடினார். சிரிப்பு அடங்கியது. பாடிக்கொண்டே மேடைப்படியால் இறங்கினார்.

நான் வெளியே வரப் பார்த்தேன். என் கிரீடத்தின் கம்பி திரையில் கொளுவிக்கொண்டது. பிரேசில் சக்கரவர்த்தியின் தலை மட்டும் வெளியே, உடம்பு உள்ளே. எனக்கு இதைவிடக் கேவலமான நாள் வந்ததில்லை. ஆனால் அங்கிருந்து எல்லாம் தெரிந்தது.

கஸ்பர் அண்ணை யோகலிங்கத்தின் முன்னால் போய் நின்று வாளை நீட்டினார். யோகலிங்கம் கையைக் கட்டிக்கொண்டார். பக்கத்துக் கதிரைக்கு நீட்டினார். அதில் இருந்தவர் தன் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்தார். அடுத்தவர் கூரையைப் பார்த்தார். அருள்மலர் அக்காவை மட்டும் விட்டுவிட்டு அந்த வரிசை முழுக்க நீட்டிப் பார்த்தார். ஒருவரும் கை நீட்டவில்லை. சரணடைவதற்கு ஒருவன் துணிந்தால் மட்டும் போதாது, வாங்குவதற்கும் ஒருவன் வேண்டும் என்பது அப்போதுதான் என் மண்டைக்கு ஏறியது. திரைக்குக் கீழால் பெடியள் ஒவ்வொருவராக நுழைந்து வந்து அவருக்குப் பின்னால் நின்றார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பாட்டு முடிந்துவிட்டது. கஸ்பர் அண்ணை கூத்துக் குரலை விட்டு, தன் சொந்தக் குரலில் சொன்னார். "ஆரும் வாங்காட்டி நான் இஞ்சையே நிப்பன். என்ர கை உளைஞ்சு விழுமட்டும் நிப்பன். என்ர மகனும் இப்பிடித்தான் வெளியிலை வந்தவன். அதிலை எனக்கு ஒரு வெக்கமும் இல்லை."

யோகலிங்கம் சைகை காட்ட, இரண்டு தொண்டர்கள் கஸ்பர் அண்ணையை நோக்கி வந்தார்கள். அப்போது அருள்மலர் அக்கா எழும்பினார். தொண்டர்கள் நின்றுவிட்டார்கள். கன்னத்தைப் பொத்தி ஒன்று கொடுக்கப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். கஸ்பர் அண்ணையும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். முகத்தைத் திருப்பாமல் நின்றார்.

"அக்கா, நீங்கள் இருங்கோ" என்றார் யோகலிங்கம்.

"நீ இரு, தம்பி."

போர்த்தியிருந்த சால்வை தோளிலிருந்து நழுவி விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. நடந்து வந்து, கஸ்பர் அண்ணையின் கையிலிருந்த வாளை இரண்டு கையாலும் வாங்கினார். தகர வாள்தான். கைக்குழந்தையை வாங்குவது போல வாங்கினார். அவருடைய குரலை அன்றுதான் எங்கள் சங்கம் முதன்முதலாகக் கேட்டது.

"என்ர பிள்ளையும் கடைசி நேரம் இப்பிடி நீட்டினவனோ என்னவோ. எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. வாங்க ஆள் இருந்துதோ தெரியாது."

கஸ்பர் அண்ணையின் கை வாள் இல்லாமலும் அப்படியே நீண்டபடி நின்றது. அருள்மலர் அக்கா பின்னால் நின்ற பெடியளைப் பார்த்தார்.

"பெடியளைக் கூட்டிக்கொண்டு வீட்டை போ, கஸ்பர். பசிக்கும் அதுகளுக்கு." போகத் திரும்பியவர் நின்று, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி கேட்டார். "பீற்றர் எப்பிடி இருக்கிறான்?"

ஐந்து வருடமாக லண்டனில் ஒரு தமிழரும் கேட்காத கேள்வி அது. கஸ்பர் அண்ணையின் வாய் கோணியது. அழப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அழவில்லை. நெஞ்சை நிமிர்த்தி, குருநகர் கடற்கரைக்குக் கேட்கிற அந்த ராசாக் குரலில் சொன்னார்.

"இருக்கிறான், அக்கா! உயிரோடை இருக்கிறான்!"